லாரி மேல் விழுந்த பழி

செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தவர்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் எங்கள் லாரிதான் நினைவுக்கு வரும். மனிதர்களுக்காவது வாய் இருக்கிறது, எதிர்த்துக் கேட்கலாம். எங்கள் லாரிக்கு ஹாரன் மட்டும்தான் இருந்தது. அதுவும் மழைக்காலத்தில் தன் இஷ்டத்துக்குத்தான் அடிக்கும். அந்த லாரிக்காக அன்றைக்கு வாதாடிய ஒரே ஆள் நான். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தேன் என்பதால் என் வாதத்தை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் சூலூருக்குப் பக்கம். வீதிக்கு வீதி தறிகள். தறிகளில் ஓடிய துணியைப் பேல் பேலாகக் கட்டிப் பொழுதோடு லாரியில் ஏற்றுவார்கள். அப்பா அதை ஈரோட்டுக்குக் கொண்டுபோய் விடியும் முன் இறக்கிவிட்டு, நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குத் திரும்பி வருவார். சில நாள் பவானி வரைக்கும் போவதுண்டு. பகலில் தூங்குவதும் இரவில் ஓட்டுவதும்தான் அவர் பிழைப்பு. அவருக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

லாரி எனக்கு மூத்தது. அம்மாவின் கல்யாணத்துக்கும் மூத்தது. "என்னையக் கட்டறதுக்கு முன்னாடியே அதக் கட்டிக்கிட்டாரு" என்று அம்மா சொல்வாள். பாதி கேலி, பாதி நிஜமான புகார். அப்பா அந்த லாரியைப் பற்றி ஒரு குறை சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. ஏற்றத்தில் திணறினால் லோடு அதிகம் என்பார், டயர் வெடித்தால் ரோடு சரியில்லை என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் இடது பக்கக் கண்ணாடி இல்லாத லாரியோடு வந்து நின்றார். லாரியின் பக்கப் பலகை நெடுகச் சிராய்ந்திருந்தது. நொய்யல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உரசிவிட்டதாம். அம்மா சிராய்ப்பைக் கையால் தடவிப் பார்த்தாள். லாரி பாலத்துக்கு வெளிப்பக்கமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். கேட்கத்தான் இல்லை.

"லைட்டு வெளிச்சமே பத்தறதில்ல. முன்ன மாதிரி இல்ல இந்த வண்டி" என்றார் அப்பா.

லாரி மேல் விழுந்த முதல் பழி அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று வந்தது. வேகத்தடை தெரியவில்லை, ரோட்டோரம் நின்ற மாட்டு வண்டி தெரியவில்லை, எல்லாம் லைட்டு செய்த வேலை. அம்மா இரவெல்லாம் தூங்காமல் கிடப்பதும், வீதி முனையில் லாரிச் சத்தம் கேட்ட பிறகே எழுந்து அடுப்புப் பற்ற வைப்பதும் அந்த நாட்களில்தான் ஆரம்பித்தன. கடைசியில் அவளே தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாமா சூலூரில் திருச்சி ரோட்டோரம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். உலகத்தில் நடக்கும் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே காரணம் உண்டு. எர்த் சரியில்லை. லைட்டு மினுக்கினால் எர்த், ஸ்டார்ட் ஆகாவிட்டால் எர்த். நான் கணக்கில் குறைவாக மார்க் வாங்கியபோதுகூட என் உச்சந்தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எர்த்து கெடைக்கலக்கா உன்ற புள்ளைக்கு" என்றார். அம்மா சிரித்தாள். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரும் டெஸ்ட் லைட்டுமாக வந்து இறங்கினார். டெஸ்ட் லைட் என்பது இரண்டு வயர் வைத்த ஒரு சின்ன பல்பு. கரண்ட் வருகிற இடத்தில் வைத்தால் எரியும், வராத இடத்தில் எரியாது. என்னை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார்கள். "ஹெட்லைட்டு" என்று மாமா கத்தினால் ஸ்விட்சை இழுப்பேன். "பிரேக்கு" என்று கத்தினால் சீட்டிலிருந்து நழுவி இறங்கி இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நிற்பேன். அப்போது எனக்கு ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் தவிர வேறு எதுவும் தெரியாது. எரிந்ததா என்று நான் கேட்க, பேசாமல் மிதி என்று அவர் கத்த, எங்கள் சண்டை வீதி வரைக்கும் கேட்டது.

பேட்டரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். பிறகு லாரிக்கு அடியில் படுத்தவர் வெகுநேரம் கழித்து, "அக்கா! நாஞ் சொல்லுல?" என்று சத்தம் போட்டார்.

எர்த்தேதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் லைட்டுக்குப் போய்விட்டு லாரியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமாம். அதற்கென்று ஒரு பட்டை வயரை லாரியின் அடிச்சட்டமான சேஸில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த வருஷம் எஃப்.சி. சர்டிபிகேட்டுக்குப் போகும் முன் லாரி முழுக்கப் பெயின்ட் அடித்தபோது, பெயின்டர் அந்த வயரைக் கழற்றி, இரும்பின் மேல் தாராளமாக இரண்டு கோட்டிங் கொடுத்து, அதற்கு மேலேயே திரும்ப முடுக்கிவிட்டிருந்தார். இரும்புக்கும் வயருக்கும் நடுவில் பெயின்ட்.

"பெயின்டர் வேலையப் பாருங்க மச்சான். கரண்டு திரும்பிப் போற வழியில கதவச் சாத்திப்போட்டான்" என்றார் மாமா. உப்புத்தாள் வைத்து இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து மறுபடி முடுக்கினார். லைட்டைப் போட்டதும் பட்டப்பகலிலேயே வித்தியாசம் தெரிந்தது. அம்மா அன்றைக்குத் தம்பிக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

இரண்டு நடை போய் வந்ததும் அப்பா சொன்னார். "பழையபடிதானுங்க மாப்ள."

அடுத்த சந்தேகம் அம்மா மேல் விழுந்தது. ஆயுத பூசைக்கு லாரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவள், ஹெட்லைட் கண்ணாடிகளையும் விட்டு வைக்கவில்லை. இரண்டுக்கும் நெற்றி நிறையப் பொட்டு. அது காய்ந்து ஒட்டிப்போய் வெளிச்சத்தை மறைக்கிறதோ என்று அப்பா இழுத்தார். "பொட்டு வெச்சதாலதான் வண்டி பாலத்தோட நின்னுச்சு, இல்லீன்னா ஆத்துல கெடந்திருக்கும்" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். ஆனாலும் மறுநாள் ஈரத்துணி எடுத்து அவளேதான் துடைத்தாள். அதிலும் ஒன்றும் ஆகவில்லை.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய லாரிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டிரைவர் முன்னால் இருக்கும் ஸ்விட்சு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும், வழியிலேயே பாதி இளைத்துவிடும் என்றார். ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தார். புதுப் பல்பு போட்டார். உள்ளே பாத்திரம் போலிருக்கும் ரிஃப்ளெக்டரை மாற்றினார். எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசக்கூடாது என்று அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பெயின்டில் வட்டம் வைத்திருப்பார்கள். அதையும் பிளேடால் சுரண்டி எடுத்தார். லாரி புது மாப்பிள்ளை போல இருந்தது. வீதியில் என்னைவிடப் பெருமைப்பட்டவர் யாரும் இல்லை.

அந்த வாரம் மாமாவின் கடைக்கு வந்த பஸ் டிரைவர் ஒருவர், "உங்க மச்சான் வண்டியில சூரியனையா புடிச்சுக் கட்டியுட்டிருக்கறீங்க? எதிர்ல வரமுடியலீங்க, கண்ணு அவிஞ்சு போகுதுங்க" என்று சண்டைக்கு வந்தாராம். மாமா அதை எங்கள் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேணுமுங்க மாப்ள" என்றார்.

மாமாவின் சிரிப்பு நின்றுபோனது. "என்ற தொழில்ல இப்பிடியொரு ஃபால்ட்டப் பாத்ததில்லீங்க மச்சான். நாளைக்குப் பொழுது உழுந்ததும் வண்டிய நிறுத்திப் பாத்துப்போடலாமுங்க" என்றார்.

மறுநாள் லோடு இல்லை. இருட்டுக் கட்டியதும் லாரியைத் திருப்பி, எதிரே இருந்த தறிக் குடோன் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். அந்த நீளச் சுவரில் ஒரு மாட்டுத் தீவன விளம்பரம் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் தீவனத்தின் பெருமை. அதற்குக் கீழே கொஞ்சம் சிறிய எழுத்தில் பால் எவ்வளவு கூடும் என்ற விவரம். எல்லாவற்றுக்கும் அடியில், குடோன்காரர் ஆத்திரத்தோடு எழுதி வைத்த வரி: இங்கே விளம்பரம் எழுதாதீர்கள்.

அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில். மாமா அப்பா பக்கத்துக் கதவின் படியில் தொற்றிக்கொண்டு நின்றார். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய அம்மா, எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று சுவரின் ஓரத்தில், வெளிச்சம் முடிகிற இடத்தில், காலிப் பால் பாத்திரமான தூக்குப் போசியோடு ஒதுங்கி நின்றாள்.

லைட்டைப் போட்டார்கள். எனக்குச் சுவர் மொத்தமும் பளிச்சென்று தெரிந்தது. படிக்கத் தெரிந்த கர்வத்தில் கொட்டை எழுத்திலிருந்து குடோன்காரர் ஆத்திரம் வரைக்கும் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்து முடித்தேன். ஒருவரும் பாராட்டவில்லை.

"மச்சான், உங்களுக்கு என்னுங்க தெரியுது?" என்றார் மாமா.

அப்பா ஸ்டீயரிங் மேல் சாய்ந்து பார்த்தார். "செவுரு தெரியுது. என்னமோ எழுதியிருக்குது. பொகை மாதிரி இருக்குதுங்க. இந்த வெளிச்சத்துல எப்படீங்க ஓட்டறது?"

மாமா சுவரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவே தொடர்ந்து பேசினார். "உங்க அக்காளக் கூப்புடுங்க. அவளும் வந்து பாத்துச் சொல்லட்டும். நாஞ் சொன்னா நம்பமாட்டேங்கறீங்க."

"அம்மா அங்கதான நிக்கறாங்க! உங்க பக்கந்தான நிக்கறாங்க!" என்று நான் கையை நீட்டினேன்.

அப்பா என் கை காட்டிய பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா அசையாமல் நின்றாள். போசி மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறியது. தறிச் சத்தம் எப்போதும் கேட்கிற வீதி அது, அன்றைக்கும் கேட்டிருக்கும். எனக்கென்னவோ அந்த நேரத்தில் எந்தச் சத்தமும் நினைவில் இல்லை.

மாமா படியிலிருந்து இறங்கினார். பானெட்டைத் திறந்து வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பியூஸைப் பிடுங்கினார். லைட் அணைந்தது. பியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சொன்னார்.

"கண்டுபுடிச்சுட்டனுங்க மச்சான். உள்ள வயரிங்கு பூராப் போச்சுங்க. இந்த வண்டி ராத்திரிக்கு ஆகாதுங்க. எல்லாம் மாத்தற வரைக்கும் பகல்ல மட்டும் ஓட்டிக்கலாமுங்க."

அப்பா இருட்டில் உட்கார்ந்திருந்தார். "ஆமாங்க மாப்ள" என்றார் கடைசியில். "பழைய வண்டி. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"வண்டிக்கு வயசாயிருச்சுங்க. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்" என்றாள் அம்மா, பக்கத்தில் வந்து.

மூன்று பேரும் கூடி இப்படி ஒரு அபாண்டத்தைச் சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, லைட்டு நன்றாகத்தான் எரிந்தது, நான் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன், எரிந்துகொண்டிருந்த லைட்டை மாமாதான் பியூஸைப் பிடுங்கி அணைத்தார், இப்போது அவர் பையில்தான் இருக்கிறது என்று கத்தினேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி உள்ளே இழுத்துப் போனாள். வாதி பிரதிவாதி இல்லாமலே வழக்கு முடிந்தது.

இப்போது யோசித்தால் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவோம். கடன்காரனைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவோம். ஆனாலும் அக்காள் புருஷனைப் பார்த்து, உங்களுக்குக் கண் தெரியவில்லைங்க என்று ஒரு மைத்துனன் சொல்லிவிட முடியாது. எத்தனை 'ங்க' சேர்த்தாலும் அந்த வார்த்தை நாக்கில் வராது. அதைவிட, வெளியே தெரிந்தால் துணிக் குடோன்களில் யாரும் அப்பாவை நம்பி ஒரு பேல் ஏற்றமாட்டார்கள். வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லாமல் இருக்கிற வாய் என் வாய் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு அந்தப் பாலத்திலேயே விஷயம் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். லைட்டு, லைட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் அது மாமா சரிசெய்யக்கூடிய கோளாறாக இருந்தது.

லாரி பகலுக்கு மாறியது. செங்கல், தேங்காய் மட்டை, மாட்டுத் தீவனம் என்று பக்கத்து ஊர் லோடுகள். பொழுது விழும் முன் அப்பா வீடு வந்து சேர்ந்துவிடுவார். எனக்கு அது பிடித்திருக்க வேண்டும், ஆனால் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆணியில் தொங்கும் லாரிச் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீதியில் பேல் ஏற்றிய லாரி ஏதாவது போனால் தலையைத் தூக்காமலே அது யாருடைய வண்டி என்று சொல்வார். அம்மா இரவில் தூங்கினாள். அப்பா தூங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, வயரிங் சாமான் வாங்குவதாகச் சொல்லி மாமா அப்பாவைக் கோயமுத்தூர் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது அப்பா பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மாமா வெல்டிங் வைத்தபோது பொறி பட்டுவிட்டதாம். எனக்கு மாமா மேல் ஏற்கெனவே இருந்த கோபம் இரட்டிப்பானது. அடுத்த மாதம் மறுபடியும் சாமான் வாங்கப் போனார்கள், இந்த முறை அடுத்த கண்ணில் பொறி பட்டது. இரண்டு கண்ணிலும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறி படுமா என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது உண்மைதான். ஆனால் மாமா அப்படிப்பட்ட வேலைக்காரர்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது, ஆஸ்பத்திரியில் அதைத்தான் எடுத்தார்கள் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தவை. அதற்குள் அது ஒரு ரகசியம் என்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள்.

மார்கழியில் ஒருநாள், இருட்டுகிற நேரத்தில் மாமா வந்தார். வயரிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது என்றார். நான் அவரை விட்டு நகரவில்லை. பானெட்டைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய பியூஸை எடுத்துப் பழைய இடத்திலேயே சொருகினார். மூடிவிட்டார். அவ்வளவுதான் வேலை.

அப்பா ஏறி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. நானும் ஏறிக்கொண்டேன். ஸ்விட்சை இழுத்ததும் குடோன் சுவர் எழுந்து நின்றது.

அப்பா வாசிக்க ஆரம்பித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு. தீவனத்தின் பெருமை முடிந்தது. பால் கூடும் விவரம் முடிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "ஏங் கண்ணு, இத்தன நாளா இப்படியா எழுதியிருக்குது?" என்று சிரித்தார். பாலத்தில் உரசியதற்குப் பிறகு அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாமா ஒண்ணுமே பண்ணலீங்கப்பா. பழைய பியூஸத்தான் எடுத்துப் போட்டாரு. நான் பாத்தேன்" என்றேன்.

"ஆமா கண்ணு. உங்க மாமன் கெட்டிக்காரன்" என்றார் அப்பா.

இவருக்கு எப்படிப் புரிய வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நான் அடுத்த வாதத்துக்கு வாயைத் திறப்பதற்குள் அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சுவரின் ஓரத்தில், வெளிச்சம் முடிகிற இடத்தில், அம்மா போசியோடு நின்றிருந்தாள்.

"ஏனம்மிணி, அங்க எதுக்கு நிக்கறே? பனி பெய்யுதல்ல, தலையில துணி கூடப் போடாம. உள்ள போ."

அம்மா போகவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து, தலையில் போடுவதற்குப் பதிலாக முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அந்தப் பஸ் டிரைவர் சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. எவ்வளவு வெளிச்சம்!

"டிம் போடுங்கப்பா. அம்மாவுக்குக் கண்ணு கூசுது பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

அப்பா டிம் போடவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அம்மா அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகும் வரைக்கும் அந்த வெளிச்சத்தை அவள் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரி இறங்கிவிடுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.